நடுவர் கண்ணும் குதிரைக் களமும்

பாண்டியன் முன்னிலையில் குதிரைகள் அணிவகுத்து நின்றன. மாணிக்கவாசகரின் பொருட்டு மதுரைக்கு வந்த பரிகள் அவை. நிறத்தையும் நடையையும் கண்டு மன்னன் மகிழ்ந்தான். கயிறு மாறிப் பெற்றுக்கொண்டான். குதிரை வணிகனாக வந்தவனுக்குப் பட்டாடை பரிசளித்தான். அன்றிரவே லாயத்தில் ஊளை எழுந்தது. பரிகள் நரிகளாகியிருந்தன. திருவிளையாடற் புராணம் கூறும் இக்கதையைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். பக்தி நெறியில் நின்று நோக்குவோர்க்கு இஃது இறைவனின் விளையாட்டு. உலகியல் நெறியில் நின்று நோக்குவோர்க்கு இதனுள் வேறொரு செய்தியும் உண்டு. குதிரையை மதிப்பிடும் கண் ஏமாறக்கூடியது என்பதே அச்செய்தி.

கண் ஏமாறுவது ஒன்று; கண் தெரிந்தே ஒரு பக்கம் சாய்வது மற்றொன்று. முன்னது அறியாமை, பின்னது அநீதி. குதிரைக் களங்களின் வரலாற்றில் இவ்விரண்டும் நிகழ்ந்துள்ளன. அவற்றுள் பின்னதை மனிதர் எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

பினாங்கு மக்களுக்குக் குதிரைக் களம் புதியதன்று. 1864ஆம் ஆண்டில் பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகம் தோன்றியது. தொடக்கத்தில் மெக்கலிஸ்டர் சாலையில் இருந்த பந்தயத் திடல், 1939ஆம் ஆண்டில் பத்து கந்தோங்குக்கு மாறியது. ஆங்கிலேயர் காலத்தில் குதிரையின் உரிமையாளர் ஒரு வர்க்கத்தினராகவும், லாயத்தில் புல்லும் கொள்ளும் சுமந்து குதிரையைப் பேணியவர் மற்றொரு வர்க்கத்தினராகவும் இருந்தனர். பின்னவருள் தமிழரும் இருந்தனர். நூற்றாண்டு ஒன்றரையைக் கடந்து நடைபெற்ற அப்பந்தயங்கள் 2025ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றன.

பந்தயக் களத்திலும் நடுவர் உண்டு. எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என வரையறுப்பவரும், ஒருவர் மற்றவரின் வழியை மறித்தாரா என ஆராய்பவரும் அங்கே இருப்பர். ஆயினும் இறுதியில் தீர்ப்புரைப்பது வெண்கோடு. எந்தக் குதிரையின் மூக்கு முதலில் கோட்டைத் தொட்டதோ அதுவே முதற்குதிரை. ஐயம் எழுந்தால் புகைப்படம் விடை கூறும்.

குதிரையேற்றக் காட்சிப் போட்டி அத்தகையதன்று. டிரெசாஜ் எனப்படும் அணிநடைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடைய களத்துள் ஒரு குதிரையும் ஒரு வீரரும் மட்டுமே நுழைவர். நடை, பெருநடை, பாய்ச்சல், திரும்புதல், நின்ற இடத்திலேயே அடியெடுத்து வைத்தல் என வரையறுத்த அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்த்துவர். களத்தைச் சுற்றி அமர்ந்த நடுவர் ஒவ்வோர் அசைவுக்கும் சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண் இடுவர். இங்கே கோடு இல்லை, கடிகாரம் இல்லை. நடுவரின் கண்ணே கோடு. நடுவரின் மனச்சான்றே கடிகாரம்.

இவ்வேறுபாட்டைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர். பள்ளித் திடலில் நூறு மீட்டர் ஓட்டத்தில் வென்றவன் யார் என்பதில் சண்டை அரிது. பேச்சுப் போட்டியிலும் கவிதை ஒப்புவிக்கும் போட்டியிலும் கட்டுரைப் போட்டியிலும் வென்றவர் யார் என்பதில்தான் மனக்கசப்பு பிறக்கிறது. பினாங்குப் பெருநிலத்தின் தென்பகுதியில், முன்னாளில் கரும்புத் தோட்டங்கள் பரந்திருந்த பத்து காவானில், இன்று பெரியதொரு விளையாட்டரங்கம் நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் சுக்மா விளையாட்டுகளுக்கென எழுந்தது அது. அவ்வரங்கத்தின் ஓடுபாதையில் ஒரு மாணவன் தோற்றால், அடுத்த ஆண்டு இன்னும் விரைந்து ஓடலாம் என எண்ணுவான். அவனே மேடையில் நன்கு பேசியும் நடுவரின் சாய்வால் தோற்றான் எனில், இனி எவ்வளவு நன்றாகப் பேசினாலும் பயனில்லை என எண்ணத் தலைப்படுவான். கோட்டிடம் தோற்றவன் உழைப்பை நாடுவான். சாய்ந்த கண்ணிடம் தோற்றவன் உழைப்பையே ஐயுறுவான். ஒருதலைத் தீர்ப்பின் பெருங்கேடு இதுவே. ஆதலால் குதிரைக் களத்தின் வரலாறு குதிரை வளர்ப்போர்க்கு மட்டும் உரியதன்று. மதிப்பெண் இடும் கை உடையோர் அனைவர்க்கும் உரியது.

அவ்வரலாற்றில் முதலிற் கருதத்தக்கது 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக். அக்காலத்தில் அணிநடைப் போட்டி படை அதிகாரிகளுக்கே உரியதாக இருந்தது. படையின் கீழ்நிலையினரும் பெண்களும் பங்கு பெற இயலாது. சுவீடன் அணியில் கேனால் பெர்சன் என்பவர் இருந்தார். அவர் சார்ஜன்ட் நிலையில் இருந்தவர். விதியைக் கடப்பதற்காகவே அவருக்குத் தற்காலிகமாக அதிகாரிப் பதவி தரப்பட்டது. சுவீடன் அணி தங்கம் வென்றது. போட்டி முடிந்த சில வாரங்களில் அவர் பழைய பதவிக்கே திரும்பினார். செய்தி வெளிப்பட்டது, 1949ஆம் ஆண்டில் அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம் அப்பதக்கத்தைப் பறித்தது. தங்கம் பிரான்சுக்குச் சென்றது.

இங்கே நடுவர் சாய்ந்தாரல்லர், விதியே சாய்ந்திருந்தது. தோள்பட்டையில் உள்ள பட்டையைப் பார்த்துத் திறமையை அளந்த விதி அது. சுவீடன் செய்தது சூழ்ச்சி என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்நிகழ்ச்சி விதியின் கோணலை உலகின் முன் வைத்தது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கதவு திறந்தது. படையின் எந்நிலையினரும், படை சாராதோரும், பெண்களும் அணிநடைக் களத்துள் நுழைந்தனர். பெர்சன் 1952இலும் 1956இலும் சுவீடன் அணியோடு தங்கம் வென்றார். பறிக்கப்பட்ட பதக்கத்துக்குக் களத்திலேயே விடை கிடைத்தது.

அதே 1952இல் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் என்ற பெண்மணி தனியாள் போட்டியில் வெள்ளி வென்றார். 1944ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே அவருடைய கால்கள் செயலற்றிருந்தன. பிறர் துணையின்றிக் குதிரைமேல் ஏறவும் அவரால் இயலாது. குதிரையை ஆளுவதற்குக் காலே முதற்கருவி எனக் கருதப்படும் கலையில், காலின் துணையின்றி அவர் உலகின் இரண்டாம் இடத்தைப் பெற்றார். பழைய விதி நீடித்திருந்தால் அவருடைய திறமையை எந்த நடுவரும் கண்டிருக்கவே முடியாது. போட்டிக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் ஒருவகைத் தீர்ப்பே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

விதி திருந்திய பின்னரும் கண் திருந்தவில்லை. 1956ஆம் ஆண்டு ஒலிம்பிக் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நடைபெற்றது. அந்நாட்டின் விலங்குத் தடைக்காப்புச் சட்டம் கடுமையாக இருந்தமையால், குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நிகழ்ந்தன. அணிநடைப் போட்டியில் செர்மானிய நடுவர் செர்மானிய வீரர்களையே முதல் மூன்று இடங்களில் வைத்தார். சுவீடிய நடுவரோ சுவீடிய வீரர்களையே முதல் மூன்று இடங்களில் வைத்தார். ஒரே களம், ஒரே குதிரைகள், ஒரே நேரம். இரு நடுவரும் கண்டவை மட்டும் இரு வேறு உலகங்கள்!

தாய்நாட்டுப் பற்று உயர்ந்த பண்பே. ஆயினும் நடுவர் இருக்கையில் அமர்ந்தவரிடம் அது குற்றமாகிவிடுகிறது. தன் பிள்ளையை நேசிப்பது தாய்க்கு அழகு. தேர்வுத்தாளைத் திருத்தும்போது தன் பிள்ளையின் தாளை அடையாளம் கண்டு நேசிப்பது ஆசிரியர்க்கு இழிவு. வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கெனப் பத்துக் குறள் கொண்ட தனி அதிகாரம் வகுத்தமை இதனாலன்றோ? பகைவரிடம் நேர்மை காட்டுவது ஓரளவு எளிது. வேண்டியவர் களத்தில் நிற்கும்போது நேர்மை காட்டுவதே அரிது.

ஸ்டாக்ஹோம் நிகழ்ச்சி அணிநடைக் கலையின் வாழ்வையே அசைத்தது. ஒலிம்பிக்கிலிருந்து அதனை நீக்கிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. 1960ஆம் ஆண்டு உரோமாபுரியில் குழுப் போட்டி நடைபெறவில்லை. தனியாள் போட்டி மட்டுமே நிகழ்ந்தது. ஒவ்வொரு வீரரின் ஆட்டமும் திரைப்படச் சுருளில் பதிவாகி, நடுவர் அதனை மீண்டும் பார்த்த பின்னரே முடிவு வெளியாயிற்று. 1964ஆம் ஆண்டு தோக்கியோவில்தான் குழுப் போட்டி திரும்பியது. இருவரின் சாய்வுக்காக, யாதொரு பிழையும் செய்யாத வீரர் பலர் தம் நாட்டுக்குக் குழுப் பதக்கம் வெல்லும் வாய்ப்பை இழந்தனர் என்பது எண்ணத்தக்கது.

அதன்பின் பல பத்தாண்டுகளாக முறைகள் சிறிது சிறிதாகச் செம்மையுற்றன. நடுவர் ஒரே இடத்தில் அமராமல் களத்தின் வெவ்வேறு பக்கங்களில் அமர்கின்றனர். முன்னிருந்து நேராகத் தோன்றும் நடை, பக்கத்திலிருந்து கோணலாகத் தோன்றலாம். ஆதலின் பல கோணங்கள் சேர்ந்தே ஒரு தீர்ப்பாகின்றன. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நடுவர் தொகை ஏழாக உயர்ந்தது. அவர்தம் வெளிப்படையான பிழைகளைத் திருத்த மேற்பார்வைக் குழு ஒன்றும் அமர்ந்தது. வீரரின் உறவினரோ பயிற்றுநரோ அவரை மதிப்பிட அமரலாகாது. ஒவ்வோர் அசைவுக்கும் இட்ட மதிப்பெண்ணும், அதன் அருகே நடுவர் கூறிய குறிப்பும் அடங்கிய தாள் வீரரின் கைக்கே வந்து சேர்கிறது. தான் எங்கே குறைந்தோம் என்பதை வீரர் தாமே காணலாம்.

முறையீட்டுக்கும் ஒரு நெறி உண்டு. ஓர் அசைவுக்கு ஆறு இட்டது ஏன், ஏழு இடாதது ஏன் என வழக்காடுவதற்கு இடமில்லை. கண் கண்டதற்கு மேல்முறையீடு கிடையாது. எண்களைக் கூட்டியதில் பிழை, விதியை மீறிய நடைமுறை, தகுதியற்றவர் பங்கேற்பு ஆகியவற்றைக் குறித்து, முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள், எழுத்து மூலம், காப்புத்தொகை கட்டி முறையிடலாம். இது கடுமையாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின் இதன் அறிவுடைமை விளங்கும். கூச்சலிட்டவர்க்கு மதிப்பெண் கூடும் என்றால், அடுத்த போட்டியில் குதிரை ஓட்டத் தெரிந்தவர் வெல்லார். கூச்சலிடத் தெரிந்தவரே வெல்வார்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். ஒருதலைத் தீர்ப்பு எனக் குற்றஞ்சாட்டுபவர் எப்போதும் எளியவராகத்தான் இருப்பாரா? வலியவர் ஒருவர், தமக்குச் சாதகமாக அமையாத நேர்மையான தீர்ப்பையே ஒருதலைத் தீர்ப்பு எனப் பழித்தால் என்னாகும்? இதற்கு அண்மைக்கால ஆசிய வரலாறு விடை தருகிறது.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தென்கொரியாவின் சாங்ஜு நகரில் தேசிய அளவிலான அணிநடைப் போட்டி நடைபெற்றது. அதில் ஓர் இளம்பெண் இரண்டாம் இடம் பெற்றார். அவருடைய தாயார் சோய் சூன் சில், அந்நாட்டின் அதிபர் பார்க் கியூன் ஹேவின் நெடுநாளைய தோழி. எந்த அரசுப் பதவியும் இல்லாதவர். போட்டிக்குப் பின் நடுவர்களைக் காவல் துறையினர் விசாரித்தனர். மதிப்பெண் இட்டவர்கள் காவலர்முன் விடை கூற நேர்ந்தது. நாட்டின் குதிரையேற்றச் சம்மேளனத்தை ஆராயுமாறு விளையாட்டுக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் கட்டளை சென்றது.

அமைச்சின் அதிகாரிகளான ரோ தே காங், ஜின் ஜே சூ ஆகிய இருவரும் இப்பணியை மேற்கொண்டனர். எவர் பக்கம் சாய்ந்தால் நன்மை என்பதை அறியாதவர் அல்லர் அவர்கள். ஆயினும் சோய் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் குறைகள் உள்ளன என்றே அறிக்கை எழுதினர். அறிக்கை மேலே சென்றது. அதிபர் அவ்விருவரையும் தீய மனிதர் என்று பெயர் சுட்டிக் கூறியதாகப் பின்னாளில் அமைச்சர் வெளிப்படுத்தினார். இருவரும் தம் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டனர். ரோ தே காங் அருங்காட்சியகப் பணிக்குச் சென்றார். 2016ஆம் ஆண்டில் அப்பணியினின்றும் விலக நேர்ந்தது.

களத்தில் தொடங்கிய சாய்வு களத்தோடு நிற்கவில்லை. 2014ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தென்கொரிய அணி அணிநடைக் குழுப் போட்டியில் தங்கம் வென்றது. அவ்வணியில் அப்பெண்ணும் இருந்தார். அப்பதக்கத்தோடு அவர் இவ்வா மகளிர் பல்கலைக்கழகத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். விண்ணப்ப நாள் முடிந்த பின் பெற்ற பதக்கம் அது, கணக்கில் கொள்ளலாகாது. ஆயினும் அவர் சேர்க்கப்பட்டார். அவருக்கு இடம் கிடைத்தமையால் இடம் இழந்த மாணவி எவளோ ஒருத்தி இருந்திருப்பாள் அன்றோ? மாணவியரும் பேராசிரியரும் வினா எழுப்பினர். கல்வி அமைச்சு ஆராய்ந்தது. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் அச்சேர்க்கை நீக்கப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில், சோயின் செல்வாக்குப் பற்றிய செய்திகள் ஒவ்வொன்றாக வெளிவர, இலட்சக்கணக்கான மக்கள் மெழுகுவத்தி ஏந்தித் தெருவில் நின்றனர். 2017ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அரசமைப்பு நீதிமன்றம் அதிபரைப் பதவியினின்று நீக்கியது. அந்நீக்கத்துக்குக் குதிரைப் போட்டி ஒன்றே காரணம் எனக் கூறுவது பிழையாகும். உண்மையில், அதிகாரிகள் இருவரை மாற்றியது பற்றிய குற்றச்சாட்டில் சான்று போதாது என அந்நீதிமன்றம் அதனை ஒதுக்கிவைத்தது; வேறு காரணங்களின் அடிப்படையிலேயே தீர்ப்பளித்தது. வீழ்ந்துகொண்டிருந்தவர்மீதும் சான்றில்லாக் குற்றத்தைச் சுமத்த மறுத்த அச்செயலே நடுவு நிலைமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பின்னர்ச் சான்றுகள் முழுமையாக ஆராயப்பட்டு, ரோ தே காங்கைப் பதவி விலகச் செய்தமை அதிகார முறைகேடு என 2018இல் குற்றவியல் நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 2017ஆம் ஆண்டு சூன் மாதமே அவர் அதே அமைச்சுக்குத் துணையமைச்சராகத் திரும்பியிருந்தார்.

சாங்ஜு களம் புகட்டும் பாடம் எளிது. சாய்ந்த நடுவரைத் திருத்த வேண்டும் என்பது உண்மை. ஆனால் அத்திருத்தம் வலியவரின் கைக்கோலாகிவிடலாகாது. அதிகாரம் உடையவர் விரலசைவில் நடுவர் தண்டிக்கப்படுவார் எனில், மறுநாள் அமரும் நடுவர் குதிரையைப் பாரார். குதிரைமேல் இருப்பவரின் தாய் யார் எனப் பார்ப்பார். ஒருதலைத் தீர்ப்புக்கு மாற்று மறுதலைத் தீர்ப்பன்று. இரு தரப்பையும் ஒன்றுபோலக் கட்டும் முறையே மாற்று.

இக்கருத்து மலாயா மண்ணுக்கும் அயலானதன்று. 1958ஆம் ஆண்டில் சுரிந்தர் சிங் கண்டா என்ற மலாயாக் காவல் துறை அதிகாரி பணிநீக்கம் பெற்றார். அவரை விசாரித்துத் தீர்ப்புரைத்த அதிகாரியின் கையில், கண்டாவைக் குறைகூறும் முந்தைய அறிக்கை ஒன்று இருந்தது. கண்டாவுக்கோ அது காட்டப்படவில்லை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1962ஆம் ஆண்டில் அப்பணிநீக்கம் செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. தீர்ப்புரைப்பவர் செவியில் ஒரு தரப்பின் சொல் மட்டும் மறைவாகப் புகுதல் கூடாது என்னும் நெறி அதன்வழி நிலைபெற்றது. நீதித்துறை மாணவர் இவ்வழக்கை இன்றும் பயில்கின்றனர். தமிழ் மாணவரோ இந்நெறியைச் சிலப்பதிகாரத்திலேயே பயின்றுவிடுகின்றனர். பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன்; பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டவன்; கோவலன் சொல்லைக் கேளாதவன். அக்கேளாமையே அவன் உயிரையும் மதுரையையும் கொண்டது. பிழை உணர்ந்த நொடியில், தானே கள்வன் எனத் தன்மீதே தீர்ப்புரைத்து அவன் வீழ்ந்தான். தவறிய நடுவர் பலர். தவற்றைத் தாமே ஏற்றவர் சிலரே.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, பள்ளி மேடைக்கும் பொருந்தும் சில நெறிகள் புலனாகின்றன. மதிப்பிடும் கூறுகளைப் போட்டிக்கு முன்பே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். தம் மாணவனோ உறவினனோ மேடையேறும் போட்டியில் ஆசிரியர் நடுவராக அமராது விலகுதல் வேண்டும். நடுவர்கள் தம்முள் கலந்து பேசுமுன் தத்தம் மதிப்பெண்ணை எழுதி ஒப்படைத்தல் வேண்டும். மதிப்பெண் தாளும் குறிப்பும் தோற்ற மாணவன் கைக்குச் சேர்தல் வேண்டும். வென்றவனைவிட அவனுக்கே அது மிகுதியும் தேவை. முறையிட விரும்புவோர்க்குக் காலமும் வழியும் வரையறுத்து, போட்டியோடு தொடர்பில்லாத ஒருவர் அதனைக் கேட்டு விடை பகர்தல் வேண்டும். முறையிட்டதற்காக மாணவன் பழிவாங்கப்படலாகாது. முறையிட்டவர் பெரிய மனிதர் என்பதற்காக நடுவர் அச்சுறுத்தப்படவும் ஆகாது.

தீர்ப்பால் புண்பட்டோர்க்கும் கடமை உண்டு. சினம் அடங்கிய பின் தாளை எடுத்துப் பார்த்தல் வேண்டும். குறை தம்முடையதாயின் ஏற்றல் வேண்டும். முறையினுடையதாயின் எழுத்தில் வினவுதல் வேண்டும். தம் பிள்ளைக்காக வினவும் பெற்றோர், அதே அநீதி அடுத்தவர் பிள்ளைக்கு நேர்ந்தாலும் இவ்வாறே வினவுவோமா எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். அவ்வினாவுக்கு ஆம் என விடை கூற முடிந்தவரின் முறையீடே அறத்தின் குரலாகும்.

குதிரை எந்நாட்டுக் கொடியையும் அறியாது. தன்மேல் இருப்பவர் அதிபரின் தோழியுடைய மகளா, படையின் சார்ஜன்டா, காலியங்காத பெண்மணியா என்பதையும் அறியாது. கடிவாளத்தின் அசைவை மட்டுமே அது அறியும். அதனால் அது நடப்பது பொய்யாவதில்லை. களத்தோரத்தில் தாளும் எழுதுகோலும் ஏந்தி அமர்ந்திருக்கும் மனிதர்தாம் அனைத்தையும் அறிந்திருக்கின்றனர். அறிந்தவற்றுள் எதனை மறக்க வேண்டும் என்பதையும் அறிந்தவரே நடுவர்.